ஹாரன் மீது போட்ட பழி

தம்பி, இன்றைக்கும் வண்டி கிளம்பிவிட்டது. ஏழாவது நாளாக. கிளம்பியது பெரிதில்லை, அது எப்போதுமே கிளம்பும். கிளம்பிய பிறகு அணையவில்லை, அதுதான் செய்தி. ராத்திரி முழுக்க மார்கழிப் பனியில் நனைந்து, தொட்டால் விரல் சில்லிடும் இன்ஜின், நான் ஆக்சிலேட்டரில் கையே வைக்காமல் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் ஓடியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றேன். பல் துலக்கிக்கொண்டிருந்த உன் அப்பா வாயில் நுரையோடு வெளியே வந்து, "ஏம்மா, இன்னிக்கும் சாகலயா அது?" என்றார். "சாகல, சாகல, பாருங்க!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடிப்போய் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தது.

பெற்ற மகனுக்கு இதைப் போனில் சொல்லியிருக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் நீ வந்து இறங்கும்போது நேரிலேயே சொல்லியிருக்கலாம். தை பிறந்ததும் உனக்குக் கல்யாணம். வீட்டில் பேச வேறு விஷயங்கள் ஆயிரம் இருக்கின்றன. ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன்மேல் நான் பழி போட்டது வீட்டுக்குள் அல்ல, பத்திரிகையின் இந்தப் பக்கத்தில். அச்சில் செய்த தவறை அச்சில்தான் திருத்த வேண்டும் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் சொன்னவள் நான். அதனால் ஆசிரியரிடம் அதே பக்கத்தில் இடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். உன்னைக் கிண்டல் செய்த ஊர் இதையும் படிக்கட்டும். நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். படிப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் வரிசையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

முப்பது வருஷம் மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் குத்தாலத்திலிருந்து செய்தி அனுப்பியவள் நான். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, எந்த வாய்க்காலில் உடைப்பு, எந்த ஊரில் பயிர் மூழ்கியது என்று விடிவதற்குள் போய்ப் பார்க்க வேண்டிய வேலை. உன் அப்பாவுக்குக் குத்தகை நிலமும் நடையும்தான் தெரியும், வண்டி ஓட்ட வராது. வயல் வரப்புச் சேற்றில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் புதைந்துவிடும் என்று நூறு சிசி பைக் ஒன்றை நான் வாங்கினேன். புடவையோடு நான் ஓட்ட, பின்னால் உன் அப்பா மண்வெட்டியோடு உட்கார்ந்து வருவதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது. முன்பக்கம் "பிரஸ்" என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தேன். ஓர் ஐப்பசி மழையில், கரை உடைந்த இடத்துக்குப் போகும் வழியில், போலீஸ்காரர் ஒருவர் என்னை நிறுத்தினார். "யாரு வீட்டு வண்டிம்மா இது? இந்த நேரத்துல எங்க கெளம்பிட்டே?" என்று ஆரம்பித்தவர் விடவே இல்லை. மழையில் ஸ்டிக்கர் தெரியவில்லையாம். நான் போய்ச் சேர்ந்தபோது மணல் மூட்டையெல்லாம் அடுக்கி முடித்திருந்தார்கள். அந்த வாரமே மயிலாடுதுறையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போய் இரும்பில் போர்டு செய்யச் சொன்னேன். சிவப்பு எழுத்து, ஹெட்லைட்டுக்கு மேலே. "புயலே அடிச்சாலும் ஆடக் கூடாது" என்றேன். அவர் ஒரு தடித்த இரும்புப் பட்டையை ஹேண்டில்பாரோடு சேர்த்து வளைத்து, போல்ட்டைப் பலம் கொண்டமட்டும் முறுக்கினார். அதன் பிறகு எந்தப் போலீஸ்காரரும் என்னை வழியில் நிறுத்தவில்லை. "போங்க மேடம்" என்பார்கள். அந்தப் போர்டின் மீது எனக்கு இருந்த பற்று உனக்குத் தெரியும். இப்போது வாசகர்களுக்கும் தெரிந்துவிட்டது.

போர்டு மாட்டியது ஐப்பசி. டிப்ளமோ முடித்திருந்த நீ அந்த இரட்டைக் குழல் ஹாரனை மாட்டியது கார்த்திகை. வண்டி காலையில் நின்று நின்று போக ஆரம்பித்தது மார்கழி. ஐப்பசியை நான் எண்ணவே இல்லை. வீட்டில் ஒரு குற்றவாளி தயாராக இருக்கும்போது, அதற்கு முந்தைய மாதத்தில் நடந்ததை யார் விசாரிப்பார்கள்?

அந்த நாள். சென்னைக்குப் பக்கத்தில் இன்ஜின் செய்யும் ஒரு கம்பெனியில் உனக்கு இண்டர்வியூ. மயிலாடுதுறை ஜங்ஷனில் விடியற்காலை ரயில். வெள்ளைச் சட்டை, மடியில் சான்றிதழ் ஃபைல், பின்னால் நீ. பனியில் பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே இரண்டு தடவை அணைந்தது. வாய்க்கால் மதகுக்கு வந்ததும் மூன்றாவது தடவை. நான் செல்ஃப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன், கதவைத் திறக்காத வீட்டின் காலிங் பெல்லை அழுத்துவதுபோல.

"அம்மா, செல்ஃப விடும்மா. பேட்டரி போயிரும்."

"பேட்டரியத் தின்னதே உன் ஹாரன்தான்டா."

"ஹாரன் அடிச்சாத்தானம்மா கரண்டு எடுக்கும். நான் எங்க அடிச்சேன்? இந்த நேரத்துல கொக்குக்கு அடிக்கவா?"

சிரித்திருக்க வேண்டிய பதில். நான் சிரிக்கவில்லை. பட்டனை இன்னும் நாலு தடவை அழுத்தினேன். கடைசியில் டக், டக் என்று சத்தம் மட்டும் வந்தது. நீ இறங்கி உதைத்தாய். கிளம்பியது. ஆக்சிலேட்டரைத் திருகியதும் இருமிவிட்டு அணைந்தது. மறுபடி உதைத்தாய். மறுபடி அதே இருமல். உன் சட்டைக் கையில் கிரீஸ் பட்டது. அதற்குள் பனிக்குள்ளிருந்து ரயிலின் சத்தம் கேட்டது. நாம் இரண்டு பேரும் அசையாமல் நின்று, அது முழுக்கப் போய் முடியும் வரை கேட்டோம். பிறகு நீ ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினாய். வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தாய். நான் பின்னால் நடந்தபடி ஹாரனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதும் பத்திக்கு விஷயம் கிடைக்கவில்லை. "ஹாரனும் ஒரு ரயிலும்" என்று எழுதினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சத்த ஆசை, அதனால் செத்த பேட்டரி, தவறிப்போன ரயில். உன் பெயர் போடவில்லை என்பது என் நியாயம். இந்த ஊரில் என் மகன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் உண்டா? டீக்கடையில் உன்னைக் கண்டதும் "ஏ, ஹாரன் வருது, வழி விடுங்கப்பா" என்றார்களாம். நீ என்னிடம் சொல்லவில்லை, உன் அப்பாதான் சொன்னார். நான் அதையும் ஒரு புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன். பத்தியை எல்லாரும் படித்திருக்கிறார்களே என்று. நாலு மாதத்தில் நீ ஷார்ஜா போனாய், ஜெனரேட்டர் பழுது பார்க்கும் வேலைக்கு. இரண்டு தடவை லீவில் வந்தாய். இரண்டு தடவையும் அந்த வண்டியைத் தொடவில்லை. கடைத்தெருவுக்குக்கூடப் பஸ்ஸில் போனாய். போனில் அப்பாவோடு அரைமணி நேரம் பேசுவாய். எனக்கு "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா" என்று இரண்டு கேள்வி. போன மாதம் அப்பாவிடம் நீ சொன்னது என் காதிலும் விழுந்தது, அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்: "அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா. நான் வர்றதுக்குள்ள அந்த வண்டியத் தள்ளிவிடட்டும். கல்யாண வீட்டு வாசல்ல அது நிக்கக் கூடாது."

சரி, விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். அறுபது வயதாகிறது, இனி எந்த உடைப்பை ஓடிப் பார்க்கப் போகிறேன். பக்கத்து ஊர்ப் பால்காரர் கோவிந்தராசு கேட்டு அனுப்பியிருந்தார். மத்தியானம் வாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். "மத்தியானம் எல்லா வண்டியும் ஓடும்க்கா. நான் பால் எடுக்கறது விடியக்காலைல. அப்பத்தான் வந்து பாப்பேன்." சொன்னபடியே முதல் பஸ்ஸில் வந்தார். திரும்பும்போது வண்டியிலேயே போகலாம் என்ற எண்ணத்தில், காலிப் பால் கேன் ஒன்றும் கையில். வந்ததும் கேனைக் கீழே வைத்துவிட்டு இன்ஜின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். நான் முன்னாலேயே சூடாக்கி வைத்திருக்கிறேனா என்று சோதிக்கிறாராம்! முப்பது வருஷம் மற்றவர்களைச் சந்தேகப்பட்டவளை ஒரு பால்காரர் சந்தேகப்பட்டார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

சாவி கொடுத்தேன். உதைத்தார். கிளம்பியது, இருமியது, அணைந்தது. நாலு முறை. "சோக்கு இழுத்தீங்களா?" என்று கேட்டேன். "இழுத்துத்தான் இருக்கு. ஆனா லிவர் லொட லொடன்னு வருது" என்றார். "சரி, அது கெடக்கட்டும், நான் மெக்கானிக்கிட்டப் பாத்துக்கறேன். வெலையக் கொறைங்க. முதல்ல இந்தப் போர்டக் கழட்டுங்க."

"அது இருக்கட்டுமே."

"பால்காரனுக்கு எதுக்குக்கா பிரஸ் போர்டு? போலீஸ் மடக்கிக் கேட்டா, எந்த மாடு எவ்வளவு கறந்துச்சுன்னு செய்தி சொல்லவா?"

நியாயம்தான். ஒன்பது வருஷமாக அந்தப் போர்டில் யாரையும் கைவைக்க விட்டதில்லை. மெக்கானிக் ஒருவர் ஒருமுறை ஸ்பானரோடு பக்கத்தில் போனதற்கே நான் சத்தம் போட்டேன். அவர் பாவம், வண்டி நிற்கும்போது இன்ஜின் அணையாமல் ஓடும் வேகத்தைக் கூட்டும் ஐடிலிங் திருகை மட்டும் ஏற்றிவிட்டுப் போனார். அதிலிருந்து வண்டி சூடான பிறகு ரயில்வே கேட்டில் நிற்கும்போதெல்லாம் மாவு மில் மாதிரி இரைந்தது. இப்போது நானே ஸ்பானரை எடுத்துவந்து கோவிந்தராசுவிடம் கொடுத்தேன். துருவேறிய போல்ட் முனகிக்கொண்டே வந்தது. பட்டை விலகியது. அவர் குனிந்து பார்த்தார். "அக்கா, இங்க பாருங்க. கேபிள் நசுங்கிக் கெடக்கு."

பார்த்தேன். ஹேண்டில்பாரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிள், பட்டைக்கு அடியில், அப்பளம் மாதிரித் தட்டையாக இருந்தது. மேலே லிவரை இழுத்தால் லிவர் வரும். கீழே ஒன்றும் அசையாது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கொஞ்ச நேரம் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், அதைக் கொடுப்பதுதான் சோக்கின் வேலை. வெயில் காலத்தில் அது இல்லாமலே சமாளித்துவிடும். மார்கழி, தையில் முடியாது. ஒன்பது குளிர்காலம், நான் சோக் இழுத்ததாக நினைத்த ஒவ்வொரு காலையும், சோக் இழுபடவே இல்லை. கோவிந்தராசு நசுங்கிய இடத்தை விரலால் நீவி நிமிர்த்தி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, லிவரை இழுத்தார். கீழே கார்புரேட்டரில் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். உதைத்தார். கிளம்பியது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அணையவில்லை. "அக்கா, பேசுது! வண்டி பேசுது!" என்று அவர் கத்தினார்.

"வண்டி விக்கிறதுக்கு இல்லைங்க" என்றேன்.

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "என்னக்கா வெளயாடுறீங்களா? வியாதியக் கண்டுபுடிச்சுக் கொடுத்துட்டு நான் நடந்து போகணுமா? அங்க மாடு என்னைய மாதிரியே கோவக்காரி." கையெடுத்துக் கும்பிட்டு, பின்னால் ஏறச் சொன்னேன். கேனை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். கரை ரோட்டில், இரண்டு பக்கமும் சம்பாக் கதிர் பனியில் தலை சாய்ந்து நிற்க, அவரை அவர் மாட்டின் முன்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். வழியில் ஒரு இருமல் இல்லை தம்பி. ஒன்றுகூட இல்லை!

ஒரே ஒரு சாட்சியை வைத்துச் செய்தி எழுதக் கூடாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் எழுதினேன். அதனால் மறுநாள் காலை, கேபிள் அடியில் இருக்கும்படியே அந்தப் பட்டையை மாட்டி இறுக்கினேன். உதைத்தேன். இருமல், சாவு. அதற்கு மறுநாள் பட்டையைக் கழற்றி, கேபிளை நிமிர்த்தி உதைத்தேன். ஓடியது. பிறகு புதுக் கேபிள் போட்டு, ஐடிலிங் திருகையும் பழைய இடத்துக்கு இறக்கச் சொன்னேன். அன்றிலிருந்து எண்ணித்தான் ஏழு நாள். உன் அப்பா மீட்டரை வைத்துக்கொண்டு தினமும் காலையில் பேட்டரியை அளந்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி "பன்னெண்டு புள்ளி ஆறு!" என்று உள்ளேயிருந்து அறிவிக்கிறார். அந்த ஹாரனையும் விடவில்லை. அன்றைக்குக் கோபத்தில் கழற்றிப் பரணில் போட்டது நான்தான். அது போன பிறகும் வண்டி நின்றபோதுகூட, அது கெடுத்துவிட்டுப் போனது என்றே நம்பினேன். எடுத்துத் துடைத்து, பேட்டரிக் கடையில் கொடுத்துச் சோதித்தேன். வயரிங்கைப் பார்த்த கடைக்காரர், "யாரு போட்டது இது? ரிலே வெச்சு, ஃபியூஸ் வெச்சு, அளவா செஞ்சிருக்காங்களே" என்றார். நீதான் என்றேன். சும்மா இருக்கும்போது அது பேட்டரியிலிருந்து ஒரு துளியும் எடுக்கவில்லை. நீ சொன்னதுதான்: அடித்தால்தான் எடுக்கும்.

அப்படியானால் பேட்டரியைக் கொன்றது யார்? நான்தான். ஒன்பது வருஷத்தில் நாலு பேட்டரி. சோக் இல்லாமல் அணைந்து அணைந்து போன இன்ஜினை செல்ஃபிலேயே கிளப்பப் பார்த்தேன்; ஐந்து வினாடிக்கு மேல் அழுத்தக் கூடாது, விட்டு, கால் நிமிடமாவது பொறுத்து மறுபடி அழுத்த வேண்டும் என்பதை அந்தக் கடைக்காரரிடம் இந்த வாரம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குளிர்ந்த வண்டிக்கு முதலில் காலால் உதைப்பதே மரியாதை. அப்புறம், டீக்கடைக்கு ஒரு கிலோமீட்டர், தபால் ஆபீசுக்கு ஒரு கிலோமீட்டர் என்று நாளைக்கு எட்டுத் தடவை செல்ஃப். ஒவ்வொரு தடவையும் பேட்டரி கொடுத்ததைத் திரும்ப வாங்குவதற்குள் வண்டியை நிறுத்திவிடுவேன். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரைமணி நேரம் கரை ரோட்டில் ஓட்டுகிறேன். எனக்கும் நல்லதாக இருக்கிறது. முதல் பேட்டரிக்குத் தண்ணீர் குறைந்தபோது, சுத்தமான தண்ணீர்தானே என்று குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றினேன். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் அதற்குக் காட்டக் கூடாதாம். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததை நான் பொருட்படுத்தவே இல்லை. அதன் மேலேயே உன் அப்பா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். "இதயத்துக்குத்தானே பொட்டு வெக்கணும்" என்பார். இந்த வாரம் மைனஸ் வயரை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துத் தேய்த்துத் துடைத்து, காயவிட்டு, வாஸ்லின் தடவி, மைனஸைக் கடைசியில் மாட்டினோம். இனிமேல் பொட்டு பெட்ரோல் டேங்குக்கு என்று முடிவாகியிருக்கிறது. ஜெனரேட்டர் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது முழுசாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முழுசாக என்றேன். இன்னும் ஒன்று பாக்கி. இதுதான் எழுதக் கை வராதது.

மதகில் அன்றைக்கு நீ இன்னொரு வாக்கியமும் சொன்னாய். உதைத்துக் களைத்து, குனிந்து, லிவரை இழுத்து விட்டு, இழுத்து விட்டுப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "அம்மா, ஒரு ஸ்பானர் இருந்தா கொடு. இந்தப் போர்டு பட்டையக் கொஞ்சம் லூஸ் பண்ணிப் பாக்கறேன்." டூல் கிட் சீட்டுக்கு அடியில் இருந்தது. ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. நான், "போர்டுல கைவெச்சே, பாத்துக்க" என்றேன். நீ கையை எடுத்துவிட்டாய்.

பத்தி எழுதும்போது இது எனக்கு நினைவிருந்தது. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எழுதினேன், பிறகு படித்துப் பார்த்து, வேகம் குறைகிறது என்று அந்த வரியை அடித்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன பதிலையும் போட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது. ஊரில் எல்லார் பதிலையும் போட்டேன். மணல் அள்ளியவன் பதிலைக்கூடப் போட்டேன். உன் பதிலை மட்டும் போடவில்லை. ஆகவே, காலம் கடந்து, இதோ திருத்தம்: வண்டி நின்றதற்கு ஹாரன் காரணமல்ல. இந்தப் பத்தியை எழுதியவர் மாட்டிய போர்டே காரணம். அதை அங்கேயே, அப்போதே என் மகன் சரியாகச் சொன்னான். எழுதியவர் கேட்கவில்லை. கேட்டதையும் எழுதவில்லை.

நீ போகச் சொன்ன வண்டியை நான் இன்னும் அனுப்பவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவன் நீ. அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் உன் ரயில் வருகிறது. வியாழக்கிழமை சாயங்காலமே நான் வண்டியை ஜங்ஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ராத்திரி முழுக்க அது பனியில் கிடக்கட்டும். அன்றைக்கு இருந்த அதே குளிர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனை சோதனையே இல்லை. காலையில் முதல் பஸ்ஸில் வந்து பிளாட்பாரத்தில் நிற்பேன். உன் பெட்டிகளை ஆட்டோவில் அப்பா கொண்டுபோவார். சாவியை உன்னிடம் கொடுப்பேன். கோவிந்தராசு மாதிரி நீயும் இன்ஜினைப் புறங்கையால் தொட்டுப் பார். சோக்கை நீ இழு. நீ உதை. அணைந்தால், அங்கிருந்தே பால்காரருக்குப் போன் போடலாம். ஒரு தடவை ஏமாந்தவர், இன்னும் ஆசையை விடவில்லை. அணையாவிட்டால், இன்ஜின் கொஞ்சம் சூடேறும் வரை நின்று, சோக்கை மெல்ல உள்ளே தள்ளி, நீ ஓட்டு. நான் பின்னால் உட்காருகிறேன். அன்றைக்கு என் கையில் கொடுத்த ஃபைல், சான்றிதழ்களை நீ எடுத்துப்போன பிறகு காலியாக, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதையும் கொண்டுவருவேன்.

போர்டு இருந்த இடம் காலியாக இல்லை. உன் ஹாரனை அங்கே மாட்டியிருக்கிறேன். மதகு வந்ததும் நன்றாக ஒரு தடவை அடி, தம்பி. கொக்கெல்லாம் பறக்கட்டும்.